சுவரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டு

தஞ்சாவூரில் தெரிந்த அக்கா ஒருவர் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். போன சனிக்கிழமை மதியம் அங்கே போயிருந்தேன். வரவேற்பு மேசைக்கு மேலே சுவரில் ஒரு சீட்டு: வைஃபை பெயர், அதன் கீழே ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எண்கள். அதுதான் பாஸ்வேர்டு.

"காத்திருக்கிறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்கப்பா. எத்தனை பேருக்குத்தான் வாயால சொல்றது?" என்றார் அக்கா. நியாயந்தான். ஆனால் ரிப்போர்ட் அடிக்கும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அதே வைஃபையில்தான் ஓடுகின்றன. நம்பி ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் விவரம் அதற்குள் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வந்தார். வைஃபை தரும் பெட்டியான அக்சஸ் பாயின்ட்டைக் கழற்றி, தூசியைத் துடைத்து, அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார். லேப்டாப்பை கேபிளில் இணைத்து, ஸ்டிக்கரில் இருந்த முகவரியை பிரவுசரில் அடித்தார். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உடனே திறந்துகொண்டது. மாட்டிய நாளிலிருந்து யாரும் அதை மாற்றவில்லை.

இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் பத்தொன்பது இருந்தன. நிலையத்துக்குச் சொந்தமானவை ஆறு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். "மிச்சம் ஒம்பது யாரு தம்பி?" என்று அக்கா கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகத்தான் போயிருந்தது. போலீஸ் முதலில் அந்த வீட்டு வாசலில்தான் போய் நின்றது. அதை நான் சொன்னதும், "எல்லாத்தையும் மாத்திடு தம்பி" என்றார்.

முதலில் அட்மின் பாஸ்வேர்டு மாறியது. அடுத்து டபிள்யூபிஎஸ். பட்டனை அழுத்தியோ, எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தோ சுலபமாக இணைய வைக்கும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்று தோன்றும். ஆனால் கருவி அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. முதல் பாதிக்குப் பத்தாயிரம் வாய்ப்புகள். இரண்டாம் பாதியின் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதால் அதற்கு ஆயிரந்தான். ஆக மொத்தம் 11,000 முயற்சிக்குள் பின் எண் சிக்கிவிடும். 2011இலேயே ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் இதை வெளிப்படுத்தினார். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தப் பின்கதவு திறந்திருந்தால் பயனில்லை. தம்பி அதை அணைத்தார்.

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துச் சேமித்தார். பிரிண்டர் காணாமல் போனது. பழைய பிரிண்டருக்கு 2018இல் வந்த இந்த முறை புரியவில்லை. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றியதும் திரும்பி வந்தது. டபிள்யூபிஏ2 இருக்கும்வரை, கருவிகள் இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டுபோய், நிதானமாகப் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்க ஒருவரால் முடியும். அதனால் நீளந்தான் காவல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை அக்காவே யோசித்து, ஆங்கில எழுத்தில் அடித்தார். நிலையத்தின் பெயரும் போன் நம்பரும் வேண்டாமென்று தம்பி முன்பே சொல்லியிருந்தார்.

"வைஃபை பேரை மறைச்சு வச்சிட்டா?" என்று நான் கேட்டேன். "அதைத் தேடிப் பிடிக்கிற ஆப் இருக்கு சார்" என்றார் தம்பி.

பிறகு, கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட். நடுவில் கரண்ட் போனால் கருவியே கெட்டுவிடலாம் என்பதால் யுபிஎஸ்ஸில் மாட்டிய பிறகுதான் தொடங்கினார். விளக்கு சிமிட்டி முடியும்வரை யாரும் பக்கத்தில் போகவில்லை.

கடைசியாக, காத்திருப்பவர்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க். என் போனை அதில் இணைத்து, அக்சஸ் பாயின்ட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், வரவில்லை. பிரிண்டரைத் தேடினேன், தென்படவில்லை. யூடியூப் ஓடியது. சுவரில் இப்போது கெஸ்ட் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கிறது. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

உங்கள் வீட்டிலோ கடையிலோ இருக்கும் வைஃபை பெட்டியை இன்றைக்கே திருப்பி, அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். அதிலுள்ள அட்மின் பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்தால் முதலில் அதை மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடுங்கள்.