ஆகாயத்தில் ஒரு டவுன் பஸ்

பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. பொலிவியாவின் லா பாஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலைக் குளிர் காதுமடலைக் கடித்தது. தெருவோரக் கடையில் ஓர் அம்மாள் ஆவி பறக்க 'ஆப்பி' ஊற்றிக் கொடுத்தார். ஊதாச் சோளத்தில் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய இனிப்பான பானம். அது உள்ளே இறங்கிய பிறகுதான் விரல்கள் மடங்கின!

பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் இப்போது கேபிள் காரின் சிவப்புத் தடம் தொடங்குகிறது. கட்டணம் 3 பொலிவியானோ. பத்துப் பேர் அமரும் கூண்டுகள் 12 நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. நேர அட்டவணை என்ற பேச்சே கிடையாது! நமக்கு ரோப் கார் என்றால் பழனி மலையும் முருகன் தரிசனமும்தான். இங்கே என் எதிரே பள்ளிப் பையோடு ஒரு சிறுமி, சிமெண்ட் படிந்த காலணியோடு இரண்டு தொழிலாளர்கள், வட்டத் தொப்பியும் விரிந்த பாவாடையுமாக மூட்டை சுமந்த ஒரு பெண்மணி. யாரும் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கோ இரண்டு கண் போதவில்லை. காலடியில் செங்கல் வீடுகள், மொட்டை மாடிகளில் காயும் துணிகள், பெரிய கல்லறைத் தோட்டம், தொலைவில் பனி மூடிய இல்லிமானி சிகரம். பத்தே நிமிடத்தில் எல் ஆல்டோ வந்துவிட்டது.

லா பாஸின் விளிம்பில் புறநகராக முளைத்து, இன்று மக்கள்தொகையில் அதையே மிஞ்சிவிட்ட ஊர் இது. உயரம் 4,000 மீட்டருக்கும் மேல். பலருக்கு வீடு மேலே, வேலை கீழே. நடுவில் செங்குத்துச் சரிவு. வளைந்து இறங்கும் சாலைகளில் எப்போதும் மினிபஸ் நெரிசல். சாலையை அகலப்படுத்த ஆயிரம் வீடுகளை இடிப்பதா? தண்டவாளம் போட்டால் இந்தச் சரிவில் ரயில் ஏறுமா? அதனால் அரசாங்கம் 2014-இல் ஆகாயத்தில் வழி போட்டது. தூண் ஊன்றக் கொஞ்சம் இடமும் நிலையத்துக்கு ஒரு மனையும் போதும். 2019-க்குள் பத்துத் தடங்கள், சுமார் 30 கிலோமீட்டர்! வசதி உள்ளவர்கள் வேடிக்கை பார்க்க அல்ல, தினம் வேலைக்கு ஓடுகிறவர்களுக்காகப் போட்ட பாதை என்பதுதான் என் நெஞ்சைத் தொட்டது.

மலை விளிம்போடு ஓடும் வெள்ளித் தடத்தில் கொஞ்ச தூரம் போய், மஞ்சள் தடத்தில் கீழே இறங்கினேன். பக்கத்தில் இருந்த பெண் தெற்குப் பகுதியில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாராம். "முன்னெல்லாம் இருட்டோட கிளம்பணும். இப்ப பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துட்டு வர்றேன்" என்றார். இருவரும் பச்சைத் தடத்துக்கு மாறினோம்.

கடைசி நிலையமான இர்பாவியில் வெயில் இதமாக அடித்தது. வெளியே மினிபஸ்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கூண்டு இறக்கிவிடும் கூட்டத்தை வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்க அவர்களும், நகராட்சியின் பூமாகட்டாரி பஸ்களும் இன்னமும் வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் எனக்குக் கையசைத்துவிட்டு ஒரு மினிபஸ்ஸில் ஏறிக்கொண்டார்.