சத்தம் இருந்தால் சரி

தலையில் அறுவை நடந்தவர் மறுபடி பளு தூக்கலாமா என்று கேட்டால் எல்லோரும் கிலோ கணக்கில்தான் பதில் சொல்கிறார்கள். இத்தனை கிலோ வேண்டாம், இத்தனை வாரம் வேண்டாம் என்று. என் அனுபவத்தில் கிலோ இரண்டாவது விஷயம். முதல் விஷயம் மூச்சு.

வலுதூக்குதலில் ஆரம்பப் பாடமே தம் கட்டுவது. வயிறு நிறையக் காற்றை இழுத்து, தொண்டையை அடைத்து, பெல்ட்டை வயிற்றால் தள்ளினால் முதுகு மடங்காது. அந்த நொடியில் உடம்புக்குள் நடப்பதை 1985-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அளந்திருக்கிறார்கள். உடற்கட்டு வீரர்களின் கைத் தமனியில் குழாய் செருகி, லெக் பிரஸ் செய்ய வைத்தார்கள். ரத்த அழுத்தத்தின் உச்சம் சராசரியாக 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. நெஞ்சில் ஏறும் அழுத்தம் மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் வரைக்கும் போகிறது. முழு மண்டைக்கு அது பழகிய விஷயம். மண்டையோட்டில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, உள்ளே மூளையுறையைத் தைத்து, டைட்டானியத் தகடும் திருகும் போட்டு மூடிய தலைக்கு அப்படியில்லை.

எனக்கு வந்தது மெனிஞ்சியோமா. மூளையுறையில் வளர்வது, பெரும்பாலும் புற்று அல்ல. உச்சந்தலைக்குக் கீழே, மூளையின் இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடுக்கில், இடப்பக்கம் இருந்தது. வலது காலை அசைக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. அதனால் தலைவலிக்கு முன்பே ஸ்குவாட் கோணலாகிவிட்டது. கீழே போய் எழும்போது இடுப்பு இடப்பக்கம் ஒதுங்கும். வலது பாதம் தரையைப் பிடிக்காது. ஜிம் மாஸ்டர் இடுப்பைப் பார்த்தார், பிசியோ டிஸ்க்கைச் சந்தேகப்பட்டார். முதுகு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நடக்கும்போது வலது செருப்பு தானாகக் கழன்று விழத் தொடங்கிய பிறகுதான் தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

மூளை வீக்கம் வடிய டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்கள். தேவையான மருந்து, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது குறிவைத்து அரிப்பது தொடையையும் இடுப்பையும்தான். முகம் உப்பியது, தொடை வற்றியது. இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்து ஸ்கேனைப் பார்த்த டாக்டர், மெதுவாக ஆரம்பிக்கலாம், ஆனால் முக்கவே கூடாது என்றார். முக்குவதற்காகத்தான் இத்தனை வருடம் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

வெறும் 20 கிலோ பாரோடு, மூச்சை விட்டுக்கொண்டே எழும் ஸ்குவாட்டைப் புதிதாகப் படித்தேன். இறங்கும்போது மூச்சு உள்ளே. எழத் தொடங்கியதும் பல்லிடுக்கு வழியாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று வெளியே. சத்தம் நின்றால் தம் கட்டிவிட்டேன் என்று அர்த்தம். மாஸ்டர் ஜிம்மின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். “ஏம்மா, சத்தத்தக் காணோம்?” காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்போது உடம்பை இறுக்கிப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மேல்முதுகு தளர்வது, பாதி வழியில் முட்டி உள்ளே வருவது என்று இத்தனை நாள் பெல்ட் மூடி மறைத்ததெல்லாம் அந்த வெறும் பாரில் வெளியே வந்தது. எந்த எடையில் சத்தம் அறுகிறதோ, அன்றைக்கு அது எனக்கு அதிகம். முன்பு சதவீத அட்டவணை போட்டுப் பயிற்சி செய்தவள் நான். எந்த அட்டவணையும் இவ்வளவு நேர்மையாக என்னிடம் பேசியதில்லை.

வலது காலுக்குத் தனிக் கவனிப்பு. ஷூவைக் கழற்றிவிட்டு, பெருவிரல் தரையில் அழுந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து ஸ்பிளிட் ஸ்குவாட். வலது கால் எத்தனை ரெப்ஸ் போட்டதோ அத்தனைதான் இடது காலுக்கும். இடது காலுக்கு அது போதவே போதாது, இருந்தாலும் காத்திருந்தது. தொடக்க வாரங்களில் கூடிய பலம் தசையில் வந்ததல்ல, நரம்பில் வந்தது. டேப் வைத்து அளந்தால் தொடை அப்படியே இருந்தது.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் ராக்கில் சேஃப்டி பின் போடாமல் பாருக்குக் கீழே போகவே கூடாது. தனியாகப் பெஞ்ச் போடவும் கூடாது. இதில் வாதத்துக்கே இடமில்லை. யாரும் சொல்லித்தராத இன்னொன்று: ஸ்குவாட்டைவிட, தரையில் கிடக்கும் பிளேட்டைக் குனிந்து எடுக்கும்போதுதான் தலை கனத்தது. பிளேட் மாட்டித்தர ஒரு தம்பியை வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

தம் கட்டுவது மூளைக்கு முழுப் பகையும் அல்ல. மண்டைக்குள் வடிகுழாய் வைத்திருந்த ஏழு நோயாளிகளை எடை தூக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வந்தது. கொஞ்ச நேரம் தம் கட்டும்போது ரத்தக் குழாய்க்கு உள்ளே அழுத்தம் ஏறுவதோடு, வெளியே மண்டைக்குள்ளும் ஏறுகிறது. அதனால் குழாயின் சுவர் தாங்கவேண்டிய வித்தியாசம் குறைகிறது என்று கண்டார்கள். ஆறிய தலைக்கு இது தைரியம் தரும். தையல் பச்சையாக இருக்கும்போது இதைக் காட்டி யாரும் பெல்ட்டை எடுக்க வேண்டாம்.

டாக்டர் சம்மதித்த பிறகு இப்போது நானும் தம் கட்டுகிறேன், கஷ்டமான இடத்தைத் தாண்டும் வரைக்கும் மட்டும். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடு என்கிறார் மாஸ்டர். கொடுக்கிறேன், ஆனால் டெட்லிஃப்டில் மூன்றாவது அட்டெம்ப்ட் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதில் உடன்பாடில்லை.