ஹூட் காரும் ஊவாக் காற்றும்

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் உண்டு. அந்தப் பெயரை வாங்கிக்கொடுப்பது, யூலை முதல் செப்டெம்பர் வரை மலை இடுக்குகளின் வழியே இறங்கி வீசும் வறண்ட காற்று. கொழுந்தின் ஈரத்தை உறிஞ்சி மணத்தைச் செறிவாக்கும் அந்தக் காற்றைத் தோட்டத் துரைமார் கொண்டாடுவார்கள். ஆனால் பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கங்களில் கூரை மடக்கும் கார் வைத்திருப்பவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். கொழுந்தை மணக்கச் செய்யும் அதே காற்றுத்தான் அவருடைய காரின் இறப்பரை வெடிக்கச் செய்கிறது. கூரைத் துணியை விறைக்கச் செய்கிறது. பிறகு வடகீழ்ப் பருவமழை வந்து சேரும். கோடையில் காற்று வெடிக்கவைத்த இடங்களையெல்லாம் மாரியில் மழை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கும்!

எங்கள் பக்கத்தில் இவ்வகை வண்டிக்கு 'ஹூட் கார்' என்றே பெயர். என்னிடம் இருப்பது ஒரு மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்த இனம் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1971 வரையில் சுமார் 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. மடிப்புக்கூரை வகையின் உற்பத்தி 1969 இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையானபோது, சீமைக்குக் கிளம்பிய துரையொருவர் விற்றுச் சென்ற வண்டியை, அதே தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த என் தகப்பனார் தவணை முறையில் வாங்கினார்.

இவ்வண்டியின் இயந்திரம் பெரிதாகத் தொல்லை தராது. அதற்கான சாமான்களைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இன்றும் தேடிப் பிடிக்கலாம். தொல்லை தருபவை சின்னஞ்சிறு பொருட்கள். கதவுக் கண்ணாடி (நம் ஊரில் 'ஷட்டர்') ஓடும் பள்ளத்திலுள்ள கம்பளிப் பட்டி. கண்ணாடியை ஏற்றியிறக்கும் தேய்ந்த பற்சக்கரம். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஹூட் வந்து படியும் இறப்பர். ஹூட்டின் முன்பகுதியைத் தாங்கும் மரச்சட்டம். இவற்றுள் எதுவும் பெரிய விலைக்குரியதல்ல. ஆனால் ஒன்று கெட்டால் மற்றவை அதன் பின்னால் வரிசையில் நிற்கும். மரச்சட்டம் உளுத்தால் துணியின் இழுவை தளரும். துணி தளர்ந்தால் மடிப்பில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் தையலின் வழியே உள்ளே இறங்கும்.

இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். சாதாரணக் காரில் இரும்புக் கூரையே உடலின் வலிமையில் ஒரு பங்கைச் சுமக்கிறது. ஹூட் காரில் அந்தக் கூரை இல்லாததால், தரைக்கடியில் கூடுதல் இரும்புத் தகடுகளை ஒட்டவைத்து உடலை விறைப்பாக்கியிருக்கிறார்கள். ஒழுகிய நீர் கம்பளத்தின் கீழ் நின்று அந்தத் தகடுகளையே தின்கிறது. தரை இளகினால் வண்டி நடுவில் தொய்கிறது. கதவின் மேற்பக்க இடைவெளி ஒடுங்குகிறது. கதவும் கண்ணாடியும் கோணலாகின்றன. மழை இன்னும் தாராளமாக உள்ளே வருகிறது. பலர் புதுத் துணி போட்டுவிட்டு 'இன்னும் ஒழுகுகிறதே' என்று வியப்பதன் காரணம் இதுதான். ஹூட் கார் வாங்க விரும்பும் இளைஞர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றே. முதலில் கூரையைப் பார்க்காதீர்கள். கதவைச் சாத்தி, அதன் நான்கு புற இடைவெளியையும் பாருங்கள். நோய் கூரையிலா தரையிலா என்று கதவே சொல்லிவிடும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார்களின் இறக்குமதியை இலங்கை இறுக்கியது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் உள்ளே இருந்த வண்டிகளை வைத்தே நாடு ஓடியது. ஆகவே எதையும் இங்கேயே செய்து பழகினோம். அந்தத் திறமைக்கு ஒரு சான்று: 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் பழுதுபார்ப்பு நிறுவனமொன்று, இலங்கைக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து, இவ்வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை இங்கேயே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றது. சீமையில் பிறந்த காருக்கு எங்கள் நாட்டிலிருந்து உதிரிப்பாகம்!

எங்கள் காரின் கூரையைத் தைத்தவர் தோட்டத்துத் தையல்காரர் ஒருவர். தொழிற்சாலையின் வாட்டல் மாடியில் கொழுந்து பரப்பும் சாக்குத் துணிகளையும், தோட்டத்து லான்ட்ரோவரின் கூரையையும், கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கையும் தைத்த கைகள் அவருடையவை. ஹூட் துணியையும் அவர் 'படங்கு' என்றே சொல்வார். பருத்தி நூலை மெழுகில் இழுத்துத் தைப்பார். பருத்தி நூல் நனைந்தால் பருத்து ஊசித்துளையைத் தானே அடைத்துக்கொள்ளும் என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நைலோன் நூல் அறாது. ஆனால் துளையை அடைக்கவும் அதற்குத் தெரியாது. துரைக்கும் கிளாக்கருக்கும் கார்க் கூரை தைத்தவர் குடியிருந்த லயத்தின் தகரக் கூரை, காற்றில் பறக்காதிருக்கக் கல் சுமந்துகொண்டிருந்தது.

மொரிஸ் மைனர் உலகுக்குக் காட்டப்பட்ட அதே 1948 இல்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தினால் நாடற்றவர்களாயினர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் மனிதரைக் கணக்குப் பிரித்தது. எங்கள் தையல்காரரின் பெயர் இந்தியக் கணக்கில் விழுந்தது. 1976 இல் அவர் குடும்பத்துடன் பதுளையில் ரயிலேறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார். உதிரிப்பாகத்தை உள்ளே வரவிடாத நாடு, அதைச் செய்யத் தெரிந்தவரை வெளியே அனுப்பிவைத்தது. அக்காலத்துப் பொருளாதாரத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் பல. ஆனால் இந்த ஒரு வரியை எந்தப் பத்திரிகையிலும் எழுதவில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

அவர் போகுமுன் ஒரு காரியம் செய்தார். எங்கள் ஹூட்டின் அளவுகளைத் தடித்த மண்ணிறத் தாளில் வெட்டி, தன்னிடம் தொழில் பழகிய பதுளை இளைஞர் ஒருவரிடம் கொடுத்தார். அந்த இளைஞரை இன்று நாங்கள் 'நானா' என்று அழைக்கிறோம். வயது எழுபதை நெருங்குகிறது. 1983 யூலையில் பதுளைக் கடைவீதி எரிந்தபோது அந்தத் தாள் நானாவின் வீட்டு அலுமாரியில் இருந்தது. அதனால் தப்பியது.

நீலகிரியில், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுத்த அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் தையல்காரர் சேர்ந்தார். அங்கிருந்து என் தகப்பனாருக்கு ஒரு கடிதம் வந்தது. குடும்ப நலம் நாலு வரி, மிகுதியெல்லாம் கார். "ஐயா, படங்கை ஈரத்தோடு மடக்க விடாதீங்க, பூசணம் புடிச்சிரும். புதுசு போட்டா நல்ல வெயில் நாளாப் பாத்து இழுத்துப் பூட்டச் சொல்லுங்க. குளிர்ல இழுத்தா வராது" என்று எழுதியிருந்தார். விட்டுவந்த நாட்டைப் பற்றி ஒரு குறைகூட அதில் இல்லை. தகப்பனார் அக்கடிதத்தைக் காரின் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

லண்டனிலும் ரொரன்டோவிலும் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு, 'எங்கள் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை' என்று சொல்லக்கூடும். ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை தானே மடங்குகிறது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானே ஓரங்குலம் இறங்கி வழிவிடுகிறது. உண்மைதான். ஆனால் அங்கும் முதலில் சாவது சின்னஞ்சிறு பொருளே. ஒரு விசையுணரி பழுதானால் கூரை பாதி வழியில் நின்றுவிடும். கூரையோரத்து நீர் வடியும் துளையில் இலைச்சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். 1989 இல் அறிமுகமான மஸ்டாவின் சிறிய இருவர் காரில், அப்படி அடைபட்ட துளைகளால் கதவடித் தகடு உளுத்துப்போனவை ஏராளம். பசறை வீதியில் ஓடினாலென்ன, டொன் வலி பார்க்வேயில் ஓடினாலென்ன, ஹூட் காரின் தலைவிதி ஒன்றே: நீர் போக வழி விடவேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. நானாவின் கடையிலும் கூட்டம் கூடியது. அவ்வருடங்களில்தான் எங்கள் ஹூட்டையும் அவர் மீண்டும் தைத்துத் தந்தார், அதே மண்ணிறத் தாளை விரித்து. தரைத் தகட்டைப் பற்றவைத்து, கதவின் இடைவெளி சரியான பிறகே தையலுக்கு அளவெடுத்தார். சென்ற மாரி முழுவதும் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

நானாவின் பிள்ளைகள் இருவரும் கட்டாரில் இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளோ கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் எழுத்தை நம்பி மலையிறங்கியவன்தானே! ஆகவே நானாவின் அனுமதியுடன் அந்தத் தாளின் பதினொரு துண்டுகளையும் புதிய தாளில் வரைந்தெடுத்தேன். எந்த ஓரம் எதனோடு சேர வேண்டும், எங்கே இரட்டைத் தையல், எங்கே மெழுகு நூல் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். தையல்காரரின் பெயரை ஒவ்வொரு துண்டின் மூலையிலும் எழுதியிருக்கிறேன். காரின் பதிவுப் புத்தகத்தில் இதுவரை உரிமையாளரின் பெயர் மட்டுமே இருந்தது.

நீலகிரியிலோ கூடலூரிலோ, அல்லது வேறெங்கேனும், ஊவாத் தோட்டத்திலிருந்து போன ஒரு முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் கைகளுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதை அளவோடு எழுதி வையுங்கள்.