உமியின் தொண்டு

வீண் உழைப்பை உமி குத்துவதற்கு ஒப்பிட்டுப் பழிப்பது தமிழர் வழக்கு. அரிசியைக் கொண்டபின் உமியை அடுப்புக்கு ஒதுக்கிவிடுவர். அந்த உமியையும் விலை கொடுத்து வாங்குவோர் உலகில் உளர். அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவோரே அவர்கள். 1978ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம், பெரியவர் இருவர் உள்ள குடும்பம் தன் தேவைக்கென ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியின்றிக் காய்ச்சிக்கொள்ள இசைவளித்தது.

பார்லியை முளைகட்டி உலர்த்தி உடைத்து, ஏறத்தாழ 66 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பர். மாச்சத்து சர்க்கரையாக மாறும். பின்னர் அவ்வினிப்புச் சாற்றைக் கலத்தின் அடியிலுள்ள துளைத்தட்டின் வழியே இறக்குவர். அப்போது வடிகட்டியாக நின்று உதவுவது பார்லியின் உமியே. அது மெத்தைபோல் படிந்து, மாவைத் தடுத்துச் சாற்றை விடுகின்றது.

ஓட்ஸ் சேர்ந்தால் நிலை வேறு. கருநிற ஸ்டவுட் வகைப் பியருக்கு வழவழப்பும் கொழுமையும் தருவதற்காக, அவல்போல் தட்டிய ஓட்ஸை 10 விழுக்காடு அளவில் சேர்ப்பர். அந்த அவலுக்கு உமி இல்லை. அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் நார்ப்பொருளோ வெந்நீரில் கூழ்போல் பிசுபிசுக்கும். அளவு மிகுந்தால் சாறு இறங்காது நின்றுவிடும். ஒரு நாள் உழைப்பும் கலத்திலேயே தேங்கிவிடும்.

அவசரக்காரர் குழாயை முழுதும் திறப்பார்; தானியப் படுகை மேலும் இறுகும். கொதிநீரை ஊற்றுவார்; பார்லியுமியின் துவர்ப்பு சாற்றில் இறங்கும். பொறுமையுடையவர் குழாயை மூடி, மெல்லக் கிளறி, படுகை மீண்டும் அமையக் காத்திருப்பார். முன்னறிவுடையவரோ, 5 கிலோ தானியத்துக்குக் கால் கிலோ நெல்லுமியைக் கழுவித் தொடக்கத்திலேயே கலந்துவிடுவார்.

நெல்லுமி சர்க்கரை தருவதில்லை, சுவையும் கூட்டுவதில்லை. கூழினுள் இடைவெளி உண்டாக்கிச் சாற்றுக்கு வழிவிடுகின்றது, அவ்வளவே. பணி முடிந்ததும் சக்கையோடு வெளியேறுகின்றது. கோப்பை ஏந்துபவர் ஓட்ஸின் வழவழப்பைப் பாராட்டுவார், உமியை நினையார்.

சங்கங்களிலும் இத்தகையோர் சிலர் உண்டு. மேடை ஏறாமல், நாற்காலி அடுக்கி, பிணக்குற்ற இருவரிடையே நின்று, பிறர் ஆற்றல் வெளிப்பட வழிவிடுவர். ஆண்டறிக்கையில் அவர்கள் பெயர் வருவதில்லை. அவர்கள் விலகிய பின்னரோ, திறமை மிக்கோர் பலர் கூடியிருந்தும் ஒரு செயலும் நகர்வதில்லை. அந்நிலையில் அவர்களைத் தேடி அலைவதினும், தொடக்கத்திலேயே அவர்களுக்கு இடமளித்து மதித்துப் போற்றுவதன்றோ அறிவுடைமை!