பின்னால் நடந்த மாடுகள்

கோழி கூப்பிடும் முன்பே உருளைச் சத்தம் கேட்கும். கிரீச்சென்று நீண்டு இழுத்து, கடைசியில் தொட்டிக்குள் சளாரென்று தண்ணீர் விழும். குன்றக்குடிப் பக்கத்தில் எங்கள் தோட்டம். விழிப்புத் தட்டியது அந்தச் சத்தத்திலா, மாடுகளோடு ஐயா பேசுகிற பேச்சிலா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மயிலை ஒன்று, செவலை ஒன்று. கிணறு எத்தனை ஆழமோ, மாடுகள் இறங்கி இறைக்கிற கமலைச் சரிவும் ஏறக்குறைய அத்தனை நீளம். எங்களுக்கு முப்பது தப்படி. மாடுகள் சரிவில் இறங்கும்போது ஐயா வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவர் பாரமும் சேர்ந்து, தண்ணீர் மொள்ளும் கூனையை இழுக்கும். கூனையின் தோல் வாலை மடக்கிப் பிடித்தே வருகிற வால்கயிறு, கிணற்று மேட்டுக்கு வந்ததும் அதைத் தொட்டிப் பக்கம் நீட்டிவிடும். தண்ணீர் தானே கொட்டும். ஆள் கை வைக்க வேண்டாம். இதை யோசித்துச் செய்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பிறகுதான் வேடிக்கை. மாடுகள் திரும்பாது. முகம் சரிவைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து மேடேறும். நானும் பக்கத்தில் நின்று அப்படியே நடந்து பார்த்து, பலமுறை விழுந்திருக்கிறேன்.

மின்சாரம் இல்லாத காலமில்லை அது. நீலகிரிப் பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்துவிட்டார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறந்தாயிற்று. அங்கே மின்சாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் இங்கே ஐயா வடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் கிணற்றுக்குக் கம்பி வந்தது 1966-ல்.

மோட்டார் பூட்ட வந்தவர், "அஞ்சு குதிரை சக்தி, பெரியவரே" என்றார்.

"அஞ்சு குதிரையா? கொள்ளுக்கு எங்கப்பா போறது?"

அந்தக் குதிரைக் கணக்கு ஜேம்ஸ் வாட் போட்டது. தன் நீராவி எந்திரத்தை விற்க, அது எத்தனை குதிரைக்குச் சமம் என்று சொல்லியாக வேண்டியிருந்தது அவருக்கு. பின்னாளில் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கக் குதிரைகளைப் பற்றிப் படித்தேன். 1913 வாக்கில் சுமார் 70,000 குதிரைகள் பூமிக்கடியில் கரி வண்டி இழுத்தன. பலவற்றுக்கு லாயமும் அடியிலேயே. வருட விடுமுறைக்குத்தான் மேலே வந்து புல்லைப் பார்க்கும். மின்சாரமும் எந்திரமும் வந்து ஒவ்வொன்றாக வெளியே அனுப்பின. படித்தபோது எனக்குச் செவலை ஞாபகம்தான் வந்தது.

மோட்டார் போட்ட முதல் நாள் ஊரே வந்து பார்த்தது. காலையெல்லாம் இறைக்கிற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பாய்ந்தது. அப்பத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐயா இனி மூணு மணிக்கு எழ வேண்டாமே. அது சின்ன விஷயமில்லை. கமலையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் யாரும் தை மாதக் குளிரில் ஈர வடத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மாடு இளைப்பாறுகிற நேரத்தில் கிணறும் ஊறிக்கொள்ளும். மோட்டாருக்கு இளைப்பாற்றல் இல்லை. இரண்டே கோடையில் தரை தெரிந்தது. வெடி வைத்து ஆழப்படுத்தினோம், பிறகு மறுபடியும்.

மாடுகளை ஐயா விற்கவில்லை. காரைக்குடிச் சந்தைக்குப் போக வண்டியில் பூட்டினார். நானும் ஏறிக்கொண்டேன். தார் ரோட்டில் ஏறி கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். முப்பது தப்படி இருக்கலாம். இரண்டும் நின்றன. அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தன. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அமுக்கினார். ஐயா தார்க்குச்சியை எடுக்கவில்லை. இறங்கி முன்னால் போய்ச் செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"கூனை ரொம்பிருச்சுடா. நட."

நடந்தது.