இருளில் வந்த இசை

போலந்து நாட்டின் தெற்கே, மேல் சிலேசியா என்னும் நிலக்கரிப் பகுதியின் நடுவில் அமைந்த நகரம் கத்தோவிட்சே. அந்நகரின் கிழக்குப் பக்கத்தில் உள்ள நிக்கிஷோவியெத்ஸ் என்ற குடியிருப்புக்கு நான் சென்றது ஒரு டிசம்பர் 4ஆம் நாள். விடியலுக்கு நெடுநேரம் இருந்தது. என்னை அழைத்துச் சென்ற நண்பர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். "கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதைக் கொடுத்து நில்லுங்கள்" என்றார்.

நின்றோம். குளிர் காலணியைத் துளைத்து ஏறியது. எங்கோ ஒரு முரசின் அதிர்வு. அதைத் தொடர்ந்து பித்தளைக் குழல்களின் ஓசை. வளைவு வாயில் ஒன்றின் வழியே இசைக்குழு வெளிப்பட்டது. கறுப்புச் சீருடை, தொப்பியின் உச்சியில் சிவப்பு இறகுக் கொத்து. சுரங்கத் தொழிலாளரின் காவல் தெய்வமாகப் போற்றப்படும் புனித பார்பராவின் திருநாள் அது. அந்நாளில் சுரங்க இசைக்குழு தெருத்தெருவாக நடந்து ஊரைத் துயிலெழுப்புவது சிலேசிய மரபு. சாளரங்கள் ஒவ்வொன்றாக ஒளிபெற்றன.

அந்த ஒளியில்தான் ஊரின் உருவம் எனக்குப் புலப்பட்டது. எங்கும் சிவந்த செங்கல். மூன்று மாடி வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து, நடுவே முற்றத்தை விட்டு, நாற்புறமும் சூழ்ந்து நிற்கின்றன. இத்தகைய தொகுதிகள் ஒன்பது. தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையே தெருவின் மேல் வளைவுகள் பாலம்போல் கடக்கின்றன. தொலைவிலிருந்து எல்லாம் ஒன்றுபோல் தோன்றினும், அருகே சென்றால் ஒரு வாயிலின் செங்கல் அடுக்கு மற்றொன்றில் இல்லை. சாளர ஓரங்களில் மட்டும் எங்கும் ஒரே சிவப்பு வண்ணம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சுரங்க எந்திரங்களுக்கு வாங்கிய வண்ணம் மிஞ்சிவிட்டது என்ற கதையே எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வூரைக் கட்டுவித்தது கீஷே என்னும் சுரங்க நிறுவனம். 1908ஆம் ஆண்டு பணி தொடங்கியது. வரைந்தவர்கள் எமில் சில்மன், கேயோர்க் சில்மன் என்னும் உறவினர் இருவர். தொழிலாளிக்கு வேண்டிய யாவும் கூப்பிடு தொலைவில் இருக்க வேண்டும் என்பது திட்டம். பள்ளி, கடைகள், அஞ்சலகம், சலவைக்கூடம் எல்லாம் அவ்வாறே அமைந்தன. முற்றங்களில் ரொட்டி சுடும் அடுப்புகளும் பன்றிக் கொட்டில்களும் இருந்தன. சதுக்கத்தை நோக்கிப் புனித அன்னாள் தேவாலயம் எழுந்தது. 1914இல் தொடங்கிய அதன் வேலை போரால் தடைப்பட்டு 1927இல்தான் நிறைவுற்றது. இவ்வளவு அக்கறையை வியக்கும்போதே ஒன்றையும் எண்ணிக்கொண்டேன். வீடும் நிறுவனத்தினுடையது, வேலையும் நிறுவனத்தினுடையது. சுரங்கத்தோடு பிணக்கு என்றால் ஒருவன் எங்கே போவான்?

அரசுகள் மாறின. 1912இல் இங்கே பிறந்த ஒரு பெண், குடியிருந்த வீட்டை விட்டு நகராமலே, ஜெர்மனி, போலந்து, மீண்டும் ஜெர்மனி, மீண்டும் போலந்து என ஆட்சி மாறக் கண்டிருப்பாள். நிலத்தின் அடியில் இருந்த கரி மட்டும் மாறவில்லை. பின்னாளில் வியெச்சோரெக் என்று பெயர் பெற்ற அச்சுரங்கத்தில் தந்தைக்குப் பின் மகன் இறங்கினான்.

இறங்கியவர்களுள் சிலர் ஓவியர்களாகவும் இருந்தனர் என்பது எனக்குப் பெருவியப்பு. தேயோஃபில் ஒச்சியெப்கா சுரங்கத்தின் மின்நிலையத்தில் எந்திரம் இயக்கியவர். முறையான ஓவியக் கல்வி பெறாதவர். புகை சூழ்ந்த இவ்வூரில் அமர்ந்து, கண்டறியாத அடர்காடுகளையும் விந்தை விலங்குகளையும் பளிச்சிடும் பச்சையிலும் சிவப்பிலும் தீட்டினார். எவால்ட் காவ்லிக் அந்த வளைவுகளையும் முற்றங்களையுமே வரைந்தார். பழைய சலவைக்கூடம் இன்று அருங்காட்சியகமாகியுள்ளது. பெண்கள் துணியை அழுத்தி மடிப்பு நீக்கிய கனத்த உருளை எந்திரங்களுக்கு அருகிலேயே காவ்லிக்கின் ஓவியங்களையும் காணலாம். வண்ணத்தை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று அங்கே நெடுநேரம் நின்றேன்.

இவ்வூருக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கிஷோவியெத்ஸ் என்னும் அண்டைக் குடியிருப்பை அதே நிறுவனத்துக்காக அதே இருவர் தோட்ட வீடுகளாக வகுத்தனர். அடுக்குமாடிகள் எழுப்புவதற்காக அதன் பெரும்பகுதி பின்னர் இடிக்கப்பட்டது. வீட்டை விட்டு வெளியேற மறுக்கும் ஒரு முதிய சுரங்கத் தொழிலாளியைப் பற்றி இயக்குநர் கசிமியெஷ் குட்ஸ் ஒரு திரைப்படமே எடுத்தார். நிக்கிஷோவியெத்ஸ் தப்பியது, 2011இல் நாட்டின் வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தச் சுரங்கத்தில் 2018இல் கரி எடுப்பது நின்றுபோனது. இப்போது சதுக்கத்தைச் சுற்றிக் காப்பிக் கடைகள். வார இறுதியில் நிழற்படம் எடுக்க வருவோரின் கூட்டம்.

இசைக்குழு எங்களைக் கடந்தபின், நண்பர் தம் பெரியப்பா வீட்டுக்கு அழைத்துச் சென்றார். முப்பது ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்தவர் அவர். தொப்பியும் சீருடையுமாகச் சாளரத்தருகே நின்றுகொண்டிருந்தார். ஆனால் கீழே இறங்கி வரவில்லை. காரணம் கேட்கத் தயங்கினேன். அவராகவே சொன்னார், நண்பர் மொழிபெயர்த்தார்.

"முன்பெல்லாம் இந்த இசையைக் கேட்டு எழுந்திருப்போம். மறுநாள் வேலைக்கு இறங்குவோம். இப்போது எழுப்புகிறார்கள், எழுந்து எங்கே போவது?"

அறையில் யாரும் பேசவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அப்போது படிக்கட்டில் தடதடவென்று காலடி ஓசை. பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் எக்காளத்தை மார்போடு அணைத்தபடி உள்ளே நுழைந்தான். குழுவில் வாசிக்கும் அவருடைய பேரன். குளிரில் அவன் உதடுகள் வெடித்திருந்தன. தொப்பியின் சிவப்பு இறகு ஒருபுறம் சாய்ந்து கிடந்தது.

"ஓபா, மூன்றாவது தெருவில் ஓரிடத்தில் சுரம் தவறிவிட்டேன். கேட்டதா?" என்றான். ஓபா என்றால் அவர்கள் வழக்கில் தாத்தா.

"கேட்டது" என்றார் முதியவர். பிறகு அவன் தொப்பியைக் கழற்றி வாங்கி, இறகை நிமிர்த்தி, அடியில் இருந்த சிறு திருகைத் தம் கரடுமுரடான விரல்களால் மெல்ல இறுக்கத் தொடங்கினார். வெளியே குழுவினர் அடுத்த தெருவுக்கு அணிவகுத்துக்கொண்டிருந்தனர். "விரைந்து கொடுங்கள், ஓபா" என்று பேரன் ஒற்றைக் காலில் நின்றான்.