நான்கு நான்குகள்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 4 என்னும் இலக்கத்தை, கூடாமலும் குறையாமலும், நான்கு முறை மட்டும் எழுதுங்கள். இடையே கணிதக் குறிகளை இட்டு, 0 முதல் ஒவ்வோர் எண்ணாக உருவாக்குங்கள். 44 - 44 = 0; 44 ÷ 44 = 1; (4 + 4 + 4) ÷ 4 = 3. இப்படியே செல்லலாம்.

பிரேசில் நாட்டுக் கணித ஆசிரியர் ஜூலியோ சீசர் டி மெல்லோ இ சோசா (1895-1974), 'மல்பா தஹான்' என்னும் புனைபெயரில் 1938-இல் வெளியிட்ட கதைநூலில் இப்புதிர் இடம்பெற்றுள்ளது. அதன் நாயகன் பெரமிஸ் சமீர் பாக்தாத் கடைவீதியில் இதை விளக்குகிறான். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் இதைக் கண்டேன். கலைப் பட்டதாரியான எனக்குக் கணக்கென்றால் எப்போதும் சற்று அச்சம். ஆயினும் இதில் மனம் ஒன்றிவிட்டது.

மழை பெய்த ஒரு மாலைப்பொழுது. மதரஸாவுக்குச் சில பிள்ளைகளே வந்திருந்தனர். மற்றவர்கள் வரும்வரை காத்திருந்த வேளையில் புதிரைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் போட்டியிட்டு, (44 - 4) ÷ 4 = 10 வரை வந்துவிட்டனர். 11 மட்டும் அகப்படவில்லை. முந்தைய இரவு நானும் அதில் தோற்றிருந்தேன். "11 வராது, விட்டுவிடுங்கள்" என்று தீர்ப்பளித்தேன்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கி எழுந்தான். "ஹஜ்ரத், வர்க்கமூலக் குறி போடலாமா?" என்றான். "விளையாட்டைக் குழப்பாதே, உட்கார்!" என்று அதட்டினேன். அவன் முகம் வாடிவிட்டது.

வீடு திரும்பியபின் அவ்வினா என்னை விடவில்லை. 4-இன் வர்க்கமூலம் 2. அப்படியாயின், 44 ÷ (√4 + √4) = 11! அதே நான்கு நான்குகள். புதிய இலக்கம் ஒன்றுமில்லை. 'கணிதக் குறிகள்' என்று நான்தானே சொன்னேன்? கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கோடு நின்றுபோனது என் அறிவேயன்றிப் புதிரன்று.

மறுநாள் அவனை அழைத்து, கரும்பலகையில் அவனையே எழுதச் செய்தேன். "நேற்றுத் தவறு செய்தவன் நான்தான்" என்று அனைவர் முன்னும் கூறினேன். அதைச் சொல்ல நா எழச் சற்று நேரமாயிற்று. அவன் முகம் மலர்ந்ததைக் கண்டபின்னரே என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

பெற்றோர்களே! பிள்ளைகளிடம் "முடியாது" என்று கூறுமுன், முடியாதது எது, நாம் அறியாதது எது என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அதுவரை, அம்மாணவன் தந்த திறவுகோல் 13-ஐயும் திறக்கும். இன்றிரவு உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து முயன்று பாருங்களேன்!